வலி போயிற்று, வீக்கம் போகவில்லை: விதைப்பைத் தொற்றில் எதற்கு எவ்வளவு அவகாசம்

ரங்கூனுக்குப் பக்கத்தில் இருக்கிற சிரியத்திலிருந்து (இன்றைய தான்லின்) 24 வயதுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன் சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்து வலது பக்க விதை வீங்கி, காய்ச்சலும் வந்துவிட்டது. அம்மா ‘உடம்பு சூடு’ என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்து இளநீர் கொடுத்தார்கள். மாமா ‘ஓதம், தானே வற்றிவிடும்’ என்றார். மருந்துக்கடையில் ஐந்து நாளைக்கு மாத்திரை கட்டிக் கொடுத்தார்கள். சாப்பிட்டார், வலி விட்டது. ஆனால் பின்பக்கம் ஒரு கட்டி கையில் தட்டுகிறது. தை மாதம் பெண் பார்க்கப் போகிறார்கள். ‘இது ஆபத்தா? பிள்ளை பிறக்குமா? ஸ்கேன் எடுத்துத்தான் ஆகணுமா?’ என்பது அவர் கேள்வி.

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஆமாம், அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துத்தான் ஆக வேண்டும், இந்த வாரமே. மற்ற இரண்டுக்கும் ஒரு வரியில் பதில் சொன்னால் உங்களுக்குப் பயன்படாது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ரங்கூனில் முப்பது வருஷத்துக்கு மேல் அறுவை சிகிச்சை டாக்டராக இருந்தவன் நான். விதைப்பை வலி என்று வந்தவர்களில் முதல் நாளே வந்தவர்கள் மிகக் குறைவு. கால் உடைந்தால் ஊரே சேர்ந்து தூக்கி வரும். இந்த வலியை மட்டும் பையன் லுங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்குக்கூடத் தெரியாமல் அனுபவிப்பான். தமிழில் சொல்லக் கூச்சம், அதனால் என்னிடம் பர்மியச் சொல்லில் சொல்லிவிட்டுத் தலைகுனிந்த பையன்கள் எத்தனையோ பேர். இங்கே கெடுதல் செய்கிற கிருமிகளில் பெரும்பாலானவற்றை மருந்தால் அடக்கிவிடலாம். கூச்சத்தில் போன மணிநேரத்துக்குத்தான் மருந்தே கிடையாது.

இந்த இடத்தில் வருகிற வலி எல்லாமே தொற்று அல்ல என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பல வருஷத்துக்கு முன் துவாந்தேயிலிருந்து ஓர் அப்பா தன் 15 வயது மகனைக் கூட்டி வந்தார். முந்தின இரவு ஒன்பது மணிக்குத் திடீரென வலி, கூடவே இரண்டு முறை வாந்தி. பக்கத்து மருந்துக்கடையில் ‘கிருமி’ என்று சொல்லி ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். விடியும்வரை பார்த்துவிட்டு, தலாவில் முதல் படகைப் பிடித்து எங்களிடம் வந்து சேர்ந்தபோது காலை எட்டரை. பதினொன்றரை மணிநேரம் போய்விட்டது. விதை மேலே ஏறிக் குறுக்காகப் படுத்திருந்தது. உள்தொடையை விரலால் வருடினால் அந்தப் பக்க விதை மேலே ஏற வேண்டும், அது அசையவே இல்லை.

ஸ்கேனுக்குக் காத்திராமல் நேரே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனோம். திறந்தபோது விதை நாவற்பழ நிறத்தில் இருந்தது. அதைத் தாங்குகிற விந்துக்கொடி ஒன்றரைச் சுற்று முறுக்கிக்கொண்டு ரத்தக் குழாயை நெரித்திருந்தது. முறுக்கை அவிழ்த்து, வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றோம். பத்து நிமிடத்தில் நிறம் திரும்பினால் விதை பிழைத்தது என்று அர்த்தம். திரும்பவில்லை. எடுத்துவிட்டோம். மறுபக்க விதையும் இதேபோல முறுக்கிக்கொள்ளலாம் என்பதால் அதைத் தையல் போட்டு நிறுத்தினோம். வெளியே அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: ‘ராத்திரியே வந்திருந்தா, சயா?’ டாக்டரைப் பர்மியத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

விதை முறுக்கலில் 6 மணிநேரத்துக்குள் அவிழ்த்தால் 10 விதையில் 9 பிழைத்துவிடும். 12 மணிநேரம் ஆனால் பாதிக்குப் பாதி. ஒரு நாள் கடந்தால் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. வயதுக்கு வருகிற பையன்களிடம், 12 முதல் 18 வயதுக்குள், இது அதிகம். திடீரென, பெரும்பாலும் தூக்கத்தில் வரும். வாந்தி சேர்ந்து வரும். பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது, சிறுநீர் எரியாது. தொற்று பொதுவாக அப்படித் திடீரென வராது. ஒரு நாள் இரண்டு நாளில் மெல்ல ஏறும், எரிச்சலும் காய்ச்சலும் கூட வரும், வலி முதலில் விதையின் பின்பக்கத்தில் தொடங்கும். வித்தியாசம் இதுதான். ஆனால் இதை வைத்து வீட்டில் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கைதேர்ந்த டாக்டரே ஏமாறுவார். பையனுக்குத் திடீர் வலி என்றால், வேறொன்று என்று நிரூபணமாகும்வரை அதை முறுக்கல் என்றே நினைத்து ஓட வேண்டும். விதையைக் கையால் தூக்கிப் பிடித்தால் வலி குறைகிறதா என்று பார்த்துத் ‘தொற்றுதான்’ என்று சொல்கிற பழக்கம் ஒன்று உண்டு. அதை நம்பி விதையை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் கதை முறுக்கல் அல்ல, தம்பி. எரிச்சல் முதலில், வீக்கம் பிறகு, காய்ச்சலும் சேர்ந்தது. இது தொற்றின் நடை. விதையின் பின்பக்கத்தில், பயறு முளைவிட்டு ஒட்டிக்கொண்டது போல, நீளவாக்கில் ஒரு சுருள் குழாய் உண்டு. எபிடிடைமிஸ் என்பார்கள். விதையில் உண்டாகிற விந்தணு அங்கேதான் தங்கி முதிர்கிறது. சிறுநீர்ப் பாதையில் இருக்கிற கிருமி, விந்து இறங்குகிற அதே வழியில் எதிர்த்து ஏறி முதலில் இந்தச் சுருளைப் பிடிக்கும், பிறகு விதைக்குப் பரவும்.

எந்தக் கிருமி என்பது பெரும்பாலும் வயதோடு போகும். 35-க்குக் கீழே இருக்கிறவர்களுக்கு உடலுறவில் தொற்றுகிற கிளமிடியாவும் கொனோரியாவும் முக்கியம். கொனோரியாவைத்தான் நம் பெரியவர்கள் வெட்டை என்பார்கள். 35-க்கு மேல், புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் தேங்குகிறவர்கள், சிறுநீர் போக டியூப் போட்டிருக்கிறவர்களுக்கு ஈ.கோலை போன்ற குடல் கிருமி. டாக்டர் உங்களிடம் அந்தரங்கமான கேள்வி ஒன்றைக் கேட்பார். ஒழுக்கத்தை எடைபோடக் கேட்பதாக நினைக்காதீர்கள். எந்த மருந்து என்பதைத் தீர்மானிக்கிற கேள்வி அது. உண்மையைச் சொல்லிவிடுங்கள். கிளமிடியா பல சமயம் எரிச்சலோ சீழோ எதுவும் காட்டாமல் உள்ளே கிடக்கும். அது இருந்தால் கடந்த இரண்டு மாதத்தில் உங்களோடு இருந்தவருக்கும் மருந்து தர வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்கே திரும்பி வரும், அந்தப் பெண்ணின் கருக்குழாயும் அடைபட்டுப் போகலாம்.

இனி அந்த ஐந்து நாள் மாத்திரை. நம் ஊர்க் கடைகளில் நாலைந்து நிற மாத்திரையைச் சின்னப் பையில் போட்டுக் கொடுப்பதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அதில் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரையும் ஒரு ஸ்டீராய்டும் இருக்கும், கூடவே ஓர் ஆன்டிபயாடிக். வலியும் காய்ச்சலும் அடங்குவது முதல் இரண்டாலும்தான். கிருமி செத்ததா என்று அந்தப் பை சொல்லாது. சிப்ரோ (சிப்ரோஃப்ளாக்சசின்) என்கிற ஆன்டிபயாடிக் பல இடங்களில் கொனோரியாவுக்கு வேலை செய்வதே இல்லை. கிளமிடியா, கொனோரியா சந்தேகம் என்றால் பல நாடுகளில் தருவது செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஒன்று, அதோடு டாக்சிசைக்ளின் 10 நாள். உங்களுக்கு எது என்று பரிசோதித்தவர்தான் எழுத வேண்டும், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். சரியான மருந்து போனால் மூன்று நாளில் காய்ச்சலும் வலியும் தெளிவாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மருந்து தப்பு, அல்லது உள்ளே சீழ் கட்டியிருக்கிறது, அல்லது நோயே வேறு.

சீழ் கட்டினால் என்ன ஆகும்? தோல் பளபளவென்று சிவந்து ஓரிடம் மெத்தென்று ஆகும், காய்ச்சல் ஏறி இறங்கும். மாத்திரை அந்த இடத்துக்குள் போகாது, கீறி எடுக்க வேண்டும். இன்னொன்றைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. வீக்கம் மிகவும் அதிகமானால் அதுவே விதையிலிருந்து ரத்தம் வெளியேறுகிற நாளங்களை அமுக்கிவிடும். முறுக்கல் இல்லாமலேயே விதை செத்துப்போகும். நேற்றுவரை தொற்று என்று சரியாகச் சொன்ன ஸ்கேன், நாளைக்கு வேறு கதை சொல்லலாம். வலி திடீரென்று கூடினால் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்வது அதனால்தான்.

இதில் நான் மிகவும் பயப்படுவது சர்க்கரை நோயாளிகளை நினைத்துத்தான். தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்த ஒரு பெரியவர், வயது ஐம்பதுக்கு மேல். விரதம் முடியாமல் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்க மாட்டேன் என்று நான்கு நாள் தள்ளிப்போட்டார். பூக்குழி இறங்கிவிட்டுத்தான் வந்தார். விதைப்பைத் தோலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கறுப்பு, அவ்வளவுதான் வெளியே தெரிந்தது. அதைச் சுற்றி அழுத்தினால் விரலுக்கடியில் மணல் நெறிவது போல நெறுநெறுத்தது. அறைக்குள் நுழைந்தவுடன் அழுகல் வாடை. தோலுக்கடியில் கிருமி காற்றை உண்டாக்கிக்கொண்டு அடிவயிறு வரை ஓடியிருந்தது. பாரிஸில் ஃபூர்னியே என்ற டாக்டர் 1883-இல் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயராலேயே ஃபூர்னியே அழுகல் என்று அழைக்கிறோம். அன்றைக்கே அழுகியதை எல்லாம் வெட்டி எடுத்தோம். மூன்று நாளில் இன்னும் இரண்டு முறை. தோல் ஒட்டி மூன்று மாதம் கழித்து நடந்து போனார். அவருக்கு அதிர்ஷ்டம் இருந்தது. நல்ல ஆஸ்பத்திரியிலும் இந்த நோயில் 5 பேரில் ஒருவர் இறப்பது சாதாரணம், சில இடங்களில் அதற்கும் மேல். வெளியே தெரிகிற காயத்துக்குப் பொருந்தாத கடும் வலி, கறுத்த தோல், வாடை, மயக்கம் போல ஒரு சோர்வு. வீட்டில் சர்க்கரை உள்ள ஆண் யாருக்காவது இதில் ஒன்று இருந்தாலும் மணிக்கணக்கில்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அம்மனுக்கு வேண்டியதை அடுத்த வருஷம் செலுத்தலாம், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பொன்னுக்கு வீங்கி பற்றியும் கேட்டிருந்தீர்கள், சின்ன வயதில் உங்களுக்கு வந்ததாக. கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் இறங்கும் என்று நம் வீடுகளில் போட்டுவிடுவார்கள், அதில் தீங்கில்லை. வயதுக்கு வரும் முன் வந்துபோனால் விதையைப் பற்றிக் கவலையே வேண்டாம். வயதுக்கு வந்த பிறகு வந்தால்தான் 100 பேரில் 15 முதல் 30 பேருக்கு, கன்னம் வீங்கி ஒரு வாரம் வாக்கில் விதையும் வீங்குகிறது. வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக்கால் பலனில்லை. ஓய்வும் வலி மாத்திரையும்தான். வீங்கிய விதைகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை பிறகு சுருங்கிப்போகும். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் என்பதால் முழு மலடாவது அரிது. நம் நாட்டு அரசுத் திட்டத்தில் குழந்தைகளுக்குப் போடுவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான். பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த ஊசியைத் தனியார் கிளினிக்கில்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். முடிந்தவர்கள் போட்டுவிடுங்கள்.

இனி உங்கள் கட்டிக்கு வருகிறேன். இதுதான் முக்கியம்.

சாதாரணத் தொற்றிலும் வலி போன பிறகு வீக்கம் வாரக்கணக்கில் இருக்கும், சிலருக்கு ஆறு வாரம்கூட. ஆகவே மூன்று வாரத்தில் கட்டி தட்டுகிறது என்றால் உடனே பயந்துவிட வேண்டாம். ஆனால் வலி இல்லாமல் கெட்டியாக நிற்கிற வீக்கத்தில் இரண்டு பெரிய நோய்கள் ஒளிந்துகொள்ளும்.

ஒன்று டிபி. டிபி அதிகம் உள்ள 30 நாடுகள் என்று உலக சுகாதார நிறுவனம் போட்டிருக்கிற பட்டியலில் நம் பர்மாவும் உண்டு. நுரையீரலை விட்டுச் சிறுநீரகத்துக்கும் அங்கிருந்து இந்தச் சுருளுக்கும் டிபி இறங்கும். இருமல் இல்லாமலும் வரும். எபிடிடைமிஸ் முடிச்சு முடிச்சாகக் கெட்டிப்படும், விந்துக்கொடியைத் தடவினால் ருத்திராட்சம் கோத்தது போல இருக்கும், கடைசியில் விதைப்பைப் பின்பக்கத் தோலில் ஓட்டை விழுந்து சீழ் வடியும். சிறுநீரில் சீழணு இருக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கிற சாதாரணக் கல்ச்சரில் எதுவும் வளராது. மூன்று நாள் காலை முதல் சிறுநீரைக் கொடுத்துத் தேட வேண்டும், டிபி கிருமியின் மரபணுவைத் தேடுகிற ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனையும் உண்டு. கடைகளில் தருகிற லெவோஃப்ளாக்சசின் வகை மருந்து டிபி கிருமியை அரைகுறையாக அடக்கி, ‘குணமாகிவிட்டது’ என்று நம்ப வைத்துவிடும். மாதக்கணக்கில் நோய் மறைந்தே வளரும். நேரத்தில் கண்டுபிடித்தால் ஆறு மாத மாத்திரையில் தீர்ந்துபோகிற நோய் இது. தேசிய டிபி திட்டத்தில் மருந்துக்குக் காசு கிடையாது. இரண்டு பக்கமும் தழும்பாகி அடைபட்ட பிறகு கண்டுபிடித்தால் டிபி போகும், குழாய் திறக்காது.

இன்னொன்று விதைப் புற்றுநோய். உங்கள் வயதுக்காரர்களுக்கு வருகிற புற்றுநோய்களில் இதுவும் முக்கியமானது. பெரும்பாலும் வலிக்காது. சில சமயம் தொற்று போலவே வலித்து ஏமாற்றும். உங்கள் கட்டி விதையின் பின்பக்கச் சுருளில் இருப்பதாகச் சொல்கிறீர்கள், அது ஆறுதலான செய்தி. புற்றுக்கட்டி பெரும்பாலும் விதைக்குள்ளேயே கல் போல இருக்கும். விரல் சொல்வதை ஸ்கேன் உறுதி செய்ய வேண்டும், அவ்வளவே. சந்தேகம் வந்தால் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் என்று மூன்று ரத்தப் பரிசோதனை செய்வார்கள். விதைக்குள் நின்றுவிட்ட கட்டத்தில் கண்டுபிடித்தால் 100-க்கு 95 பேருக்கு மேல் பிழைத்து நன்றாக இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஸ்கேன் பார்க்காமல் யாரையும் அந்த வீக்கத்தில் ஊசி குத்தி நீர் எடுக்க விடாதீர்கள்.

மாமா சொன்ன ஓதமும் பொய்யல்ல. யானைக்கால் புழு விந்துக்கொடியின் நிணக்குழாயில் குடியிருந்தால் திரும்பத் திரும்பக் காய்ச்சலோடு வீங்கி, கடைசியில் நீர் கோத்துக்கொள்ளும். மாத்திரை கொடுத்து இந்த நோயை ஒழிக்கிற வேலை நம் நாட்டில் 2001-இல் தொடங்கியது, மேல்பர்மாவின் வறண்ட பகுதியில் நோய் அதிகம். உயிருள்ள புழு ஸ்கேனில் நெளிவது கண்ணுக்கே தெரியும். ஆனால் இருட்டில் டார்ச் அடித்தால் ஒளி ஊடுருவுகிற நீர்ப்பைதான் ஓதம். உங்களுடையது கட்டி.

பிள்ளை பிறக்குமா? ஒரு பக்கம் மட்டும் பாதித்து மறுபக்கம் நன்றாக இருந்தால் பிறக்கும், சந்தேகம் வேண்டாம். ஒரே விதையோடு நாலு பிள்ளை பெற்றவர்களை எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் தொற்றி, சுருள் தழும்பாகி அடைபட்டால்தான் விதை வேலை செய்தும் விந்தணு வெளியே வராமல் போகும். உங்கள் மனம் அமைதியாக வேண்டுமானால் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளலாம், ஆனால் இப்போது வேண்டாம். விந்தணு ஒன்று உருவாகி வெளிவர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். காய்ச்சலில் உருவானதை எண்ணிப் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும், வீணாகத் தூக்கம் கெடும். குணமாகி மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். இந்தக் கணக்கில் தை மாதத்துக்கு நேரமும் இருக்கிறது.

நாளைக்குச் செய்ய வேண்டியது இதுதான். மிச்சமிருக்கிற மாத்திரையைத் தொடாதீர்கள், அட்டையை மட்டும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணிநேரம் சிறுநீர் போகாமல் இருந்து, போகிற முதல் சிறுநீரைக் கிளமிடியா, கொனோரியா பரிசோதனைக்கும், நடுவில் போவதைக் கல்ச்சருக்கும் கொடுங்கள். புது மருந்து எதுவும் உள்ளே போகும் முன் இதைக் கொடுத்துவிட வேண்டும். ஸ்கேனில் ‘டாப்ளர்’ வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள், அதில்தான் ரத்தம் ஓடுவது தெரியும். தொற்றில் ஓட்டம் கூடியிருக்கும், முறுக்கலில் குறைந்திருக்கும் அல்லது இருக்காது. எச்ஐவி, சிபிலிஸ் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்துகொள்வது நல்லது. 2021-க்குப் பிறகு அரசு ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் குறைந்துபோய்க் காத்திருப்பு கூடிவிட்டது எனக்குத் தெரியும். ஸ்கேனைத் தனியாரிடம் எடுத்துவிட்டு ரிப்போர்ட்டோடு போனால் ஒரு நாள் மிச்சம். அதுவரை இறுக்கமான உள்ளாடை போடுங்கள். படுக்கும்போது துண்டைச் சுருட்டி விதைப்பைக்கு அடியில் வைத்துத் தூக்கிவிடுங்கள். ஒத்தடம் என்றால் துணியில் சுற்றிய ஐஸ், சூடு கூடாது. பாரம் தூக்க வேண்டாம்.

நடுவில் ஏதாவது ஓர் இரவில் வலி சட்டென்று கூடி வாந்தி வந்தாலோ, காய்ச்சலில் உடம்பு நடுங்கினாலோ, தோல் நிறம் மாறினாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். வழியில் டீகூடக் குடிக்க வேண்டாம், வெறும் வயிற்றோடு போனால்தான் மயக்க மருந்து உடனே கொடுக்க முடியும். வீட்டில் எப்படிச் சொல்வது என்று தயங்கினால் அம்மாவிடம் ‘அடிவயிறு தாங்க முடியல, இப்பவே ஆஸ்பத்திரி போகணும்’ என்று சொன்னால் போதும், மிச்சத்தை டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம். ஸ்கேன் ரிப்போர்ட் கையில் வந்ததும் அதில் இருப்பதை அப்படியே எழுதி அனுப்புங்கள். கட்டி விதைக்குள்ளா, வெளியே சுருளிலா என்ற ஒரு வரியைத்தான் நான் முதலில் தேடுவேன்.